எலும்புகளில் விடை தேடிய மருத்துவர்

நீடாமங்கலம் புகைவண்டி நிலையத்தில் சரக்கு வண்டிக்கு நெல் மூட்டை ஏற்றும் நாளில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, மனிதனின் முதுகெலும்பு எவ்வளவு தாங்கும் என்பதை எந்த உடற்கூற்று நூலும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியிலிருந்து இறங்கும் மூட்டை தோளுக்கும் பிடரிக்கும் மாறி, சாய்ந்த பலகை வழியாக வேகனுக்குள் போய்விடும். அடுத்த மூட்டை அதற்குள் தயாராக நிற்கும். ஊரைத் தாண்டினால் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிந்து பாயும் வயல்கள். அங்கே நாற்று நடும் பெண்கள் காலையில் வளைத்த இடுப்பை உச்சிப் பொழுதில்தான் நிமிர்த்துவார்கள். மாலையில் எந்தத் திண்ணையில் காதைக் கொடுத்தாலும் கேட்கும் முறையீடு ஒன்றே. இடுப்பு விட்டுப்போயிற்று, முதுகு பிடித்துக் கொண்டது என்பதுதான் அது.

இதற்கு நம்மவர் செய்யும் வைத்தியமும் நாம் அறிந்ததே. தைலம் தேய்த்து வெந்நீர் விடுவது, தவிட்டு ஒற்றடம் கொடுப்பது, சுளுக்கு வழிப்பவரைத் தேடிப் போவது. தலைக்கு முன்னே கால் வெளிவந்து பிறந்தவர் ஒருவரைக் கூட்டி வந்து முதுகில் மெல்ல மிதிக்கச் சொல்வதும் உண்டு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றும், குமரி நாட்டில் வர்மம் என்றும் கையால் செய்யும் சிகிச்சைக்கு நெடிய மரபு இருக்கிறது. இவற்றோடு இப்போது சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் ஆஸ்டியோபதி என்ற புதிய பெயர்ப்பலகை ஒன்றும் கண்ணில் படுகிறது. வெளிநாட்டில் வேலை பார்த்து ஊர் திரும்புவோர், தாம் அங்கே அந்தச் சிகிச்சை பெற்றதாகவும், மருந்தே இல்லாமல் வலி பறந்துவிட்டதாகவும் சொல்லக் கேட்கிறோம். அது என்ன வைத்தியம், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றை அறிய, அதைத் தோற்றுவித்த மனிதரின் வாழ்க்கையைப் படிப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அந்த மருத்துவத்தின் பலமும் பலவீனமும் அவருடைய வாழ்க்கையிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மலைப்பாங்கான லீ வட்டாரத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு குடிலில் பிறந்தார். தந்தை ஆப்ரம் ஸ்டில் மெதடிஸ்டு சபையின் ஊர் சுற்றும் போதகர். குதிரை மேல் ஊர் ஊராகச் சென்று வேதம் சொல்வதும், போகும் இடத்தில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் அவர் தொழில். குடும்பம் டென்னசிக்கும், பின்பு 1837இல் மிசௌரிக்கும் பெயர்ந்தது. காடு வெட்டிக் கழனியாக்கும் புதிய குடியேற்றப் பகுதி அது. சிறுவன் ஆண்ட்ரூவுக்குப் பள்ளிப் படிப்பு விட்டு விட்டுத்தான் கிடைத்தது. ஆனால் வேட்டையாடிய மான், அணில் முதலியவற்றை அறுத்து உரிக்கும்போது எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றையும் கண்ணால் கண்டு பழகினார்.

பத்து வயதளவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை. ஒருநாள் தலைவலி பொறுக்க முடியவில்லை. இரண்டு மரங்களுக்கிடையே ஏர்க்கயிற்றால் ஊஞ்சல் கட்டியிருந்தார். ஆட மனமில்லாமல் அந்தக் கயிற்றைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றே அதிகமாக இருக்குமாறு தாழ்த்தி, அதன்மேல் போர்வையைச் சுருட்டிப் போட்டு, மல்லாந்து படுத்துப் பிடரியை அதில் சாய்த்தார். அப்படியே உறங்கிப் போனார். விழித்தபோது வலி போயிருந்தது. அன்று முதல் தலைவலி வரும்போதெல்லாம் அதையே செய்தார். பிற்காலத்தில் தம் மருத்துவத்தின் முதல் பாடம் அந்தக் கயிற்றில்தான் கிடைத்தது என்று எழுதினார். தூக்கமே வலியைப் போக்கியிருக்கலாம் அல்லவா என்று நாம் கேட்கலாம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையில் மேலும் பல இடங்களில் இதே கேள்வி எழும்.

1849இல் மேரி மார்கரெட் வாகன் என்பவரை மணந்தார். தந்தை ஆப்ரம், அடிமை முறையை எதிர்த்த சபைப் பிரிவைச் சேர்ந்தவர். மிசௌரியில் அடிமை முறை நிலவியதால் அங்கே நிலைக்க முடியாமல், கான்சாஸ் பகுதியில் ஷாவ்னி என்னும் செவ்விந்தியக் குடியினரிடையே ஊழியம் செய்யச் சென்றார். 1853இல் மகனும் மருமகளும் அங்கே போய்ச் சேர்ந்தனர். மருமகள் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மகன் தந்தையோடு சேர்ந்து மருத்துவம் பழகினார். அக்காலத்தில் அமெரிக்க எல்லைப் பகுதிகளில் மருத்துவராவதற்குக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. மூத்த மருத்துவர் ஒருவரிடம் குருகுலம் போலப் பயின்றாலே போதும். எலும்புகளைப் பற்றி மேலும் அறியும் ஆவலில் ஸ்டில் பழங்குடியினரின் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் படித்தார். இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். காலரா முதலிய நோய்களுக்குத் தம்மிடம் மருந்து வாங்கிய மக்களின் முன்னோர் எலும்புகள் அவை. அறிவுத் தாகம் என்று சொல்லி இந்தச் செயலை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டில் வெறும் மருத்துவராக மட்டும் இருந்தவரல்லர். அடிமை முறை எதிர்ப்பாளராக 1857இல் கான்சாஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பால்ட்வின் நகரில் பேக்கர் பல்கலைக்கழகம் எழுந்தபோது ஸ்டில் குடும்பம் நிலம் கொடுத்தது. கட்டடப் பணியிலும் அவர் உழைத்தார். 1859இல் மனைவி மறைந்தார். அடுத்த ஆண்டில் மேரி எல்வைரா டர்னரை மறுமணம் செய்து கொண்டார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடவர் படையில் சேர்ந்து, குதிரைப் படைப் பிரிவின் மருத்துவமனைப் பொறுப்பாளராகவும், பின்பு கான்சாஸ் மக்கள் படையில் மேஜராகவும் பணியாற்றினார்.

அவரைப் புரட்டிப் போட்டது போர் அன்று. 1864ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டில் மூளை உறை அழற்சி நோய் புகுந்தது. நம் மக்கள் மூளைக் காய்ச்சல் என்று சொல்வார்களே, அந்த வகை. மருத்துவ நண்பர்களை வரவழைத்தார். அவர்கள் தாமறிந்த மருந்தையெல்லாம் கொடுத்தார்கள். போதகர்கள் வந்து வேண்டுதல் செய்தார்கள். அவர் பெற்ற பிள்ளைகள் இருவரும், எடுத்து வளர்த்த பிள்ளை ஒன்றுமாக மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். அந்தத் துயரம் ஆறுமுன் கைக்குழந்தை ஒன்று நிமோனியாவுக்குப் பலியாயிற்று. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த கையால் தம் பிள்ளைகளுக்குக் குழி தோண்ட நேர்ந்தது. மருந்து என்று நாம் கொடுப்பது உண்மையில் மருந்துதானா, அல்லது இருட்டில் எறியும் கல்லா என்ற ஐயம் அன்று அவர் நெஞ்சில் விழுந்தது.

அந்த ஐயம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கால மருத்துவர் பையில் இருந்தவை என்ன? கலோமெல் என்னும் பாதரச உப்பு முதன்மையானது. அதைத் தின்றவர்க்கு வாயிலிருந்து எச்சில் ஆறாய் ஒழுகும், ஈறு புண்ணாகும், பல் உதிரும். அபினி, சாராயம், வாந்தி மருந்து, பேதி மருந்து, கத்தியால் கீறி இரத்தம் வடிய விடுதல் ஆகியவையும் உண்டு. நோய் கொன்றவர் எத்தனை, வைத்தியம் கொன்றவர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம் அது. ஸ்டில் மருந்தை வெறுத்தது மூடநம்பிக்கையால் அன்று, கண்ணால் கண்டதால்.

பின்வந்த பத்தாண்டுகள் அவர் மீண்டும் எலும்புகளுக்கே திரும்பினார். எந்திரங்களிலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். வெண்ணெய் கடையும் பொறி ஒன்றைத் திருத்தி அமைத்து விற்றார். மரம் அறுக்கும் நீராவி ஆலை நடத்திய அனுபவமும் இருந்தது. ஒரு பொறியில் ஒரு சக்கரம் சற்றே விலகினால் முழுப் பொறியும் முனகுவதை அறிந்தவர், மனித உடலையும் அவ்வாறே நோக்கினார். எலும்போ மூட்டோ தன் இடத்திலிருந்து சற்றே பிசகினால், அருகே ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் நெருக்கப்படுகின்றன. இரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் நோய் பிறக்கிறது. பிசகைக் கையால் நீக்கி ஓட்டத்தைத் திறந்துவிட்டால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக் கொள்ளும். இதுவே அவர் கண்ட கொள்கை. வாய்க்காலில் அடைத்திருக்கும் கோரையை எடுத்துவிட்டால் கடைமடை வரை தண்ணீர் தானே போய்ச் சேரும் என்று நம் விவசாயி சொல்வது போன்றதே. இந்தக் கொள்கை தமக்குத் தெளிவான நாள் 1874ஆம் ஆண்டு ஜூன் 22 என்று அவர் குறித்து வைத்திருக்கிறார்.

தாம் நிலம் கொடுத்து வளர்த்த பேக்கர் பல்கலைக்கழகத்தில் இதை எடுத்துரைக்க விரும்பினார். கதவு திறக்கவில்லை. கைபட்டு நோய் தீர்ப்பது தேவகுமாரன் ஒருவர்க்கே உரியது, மனிதன் அதைச் செய்வதாகச் சொல்வது தெய்வ நிந்தனை என்று சபையாரில் பலர் முகம் சுளித்தனர். மருத்துவர்கள் பித்தர் என்றனர். மனம் நொந்து கான்சாஸை விட்டு மிசௌரிக்குத் திரும்பினார்.

மிசௌரியின் மேக்கன் என்ற ஊரில் அந்த ஆண்டு நடந்தது ஒன்று. ஏழைத் தாய் ஒருத்தி பிள்ளைகளோடு தெருவில் போய்க் கொண்டிருந்தாள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்த பேதி. அவன் நடந்த வழியெல்லாம் இரத்தத் துளிகள். ஸ்டில் அவனைத் தூக்கிக்கொண்டு முதுகில் கை வைத்துப் பார்த்தார். முதுகு அனலாகவும் வயிறு குளிர்ந்தும் இருந்தன. முதுகெலும்பின் இரு புறமும் இறுகியிருந்த இடங்களை விரலால் தளர்த்திக்கொண்டே நடந்தார். மறுநாள் தாய் வந்து பிள்ளை நலமடைந்தான் என்றாள். அந்த வட்டாரத்தில் இரத்த பேதி பரவியிருந்த நேரம் அது. மேலும் பலரை அவ்வாறே குணப்படுத்தியதாக எழுதியிருக்கிறார்.

இங்கேதான் முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்வி திரும்பவும் வருகிறது. வயிற்றுப்போக்கு பெரும்பாலோர்க்கு மருந்தின்றியே சில நாளில் அடங்குவது. கை வைத்ததால் நின்றதா, நிற்கும் நேரத்தில் கை வைத்தாரா? கை வைத்தவர் இத்தனை பேர், வைக்காதவர் இத்தனை பேர் என்று பிரித்து எழுதி ஒப்பிட்டால் அல்லாமல் இதற்கு விடை கிடையாது. ஸ்டில் அந்தக் கணக்கை எழுதவில்லை. அவர் சிறு குழந்தையாக இருந்த 1832இல் மறைந்த நம் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, கண் நோயாளிகளின் குறைகளையும் அவர்களுக்குச் செய்த சிகிச்சையையும் ஓவியங்களோடு ஏட்டில் எழுதி வைக்கச் செய்தார் என்பதையும், அவ்வேடுகள் சரசுவதி மகாலில் காக்கப்படுகின்றன என்பதையும் எண்ணும்போது, மிசௌரிக் காட்டில் அத்தகைய ஒரு குறிப்பேடு இல்லாமற் போனதே என்ற ஏக்கம் எழுகிறது.

1875இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் குடியேறினார். வறுமை வாட்டியது. மகன்களை உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சிகிச்சை செய்தார். தோளில் ஒரு பை. அதில் மனித எலும்புகள். கூட்டம் கூடிய இடத்தில் அவற்றை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்வார். காற்சட்டையைக் காலணிக்குள் செருகிக் கொண்டு, கையில் நீண்ட தடியோடு நடந்த அவரைப் பார்த்துச் சிரித்தவர் பலர். ஆனால் விலகிய தோள், பிடித்துக்கொண்ட இடுப்பு, திரும்பாத கழுத்து இவற்றோடு வந்தவர்கள் சிரிக்கவில்லை. பலர் தடியை ஊன்றி வந்து கைவீசிப் போனார்கள். மின்னல் வேக எலும்பு வைத்தியர் என்ற பெயர் பரவிற்று. தம் முறைக்குப் பெயர் வேண்டியிருந்தபோது, எலும்பு, துன்பம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஆஸ்டியோபதி என்று பெயரிட்டார்.

1892ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளிக்கு அரசின் பதிவு கிடைத்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சிறு மரக் கட்டடம் ஒன்றில் வகுப்பு தொடங்கிற்று. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் ஸ்மித் என்பவர் உடற்கூறு கற்பித்தார். முதல் வகுப்பில் சேர்ந்தோர் இருபது பேருக்குச் சற்றே மேல். ஸ்டிலின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். பெண்களும் இருந்தனர் என்பதை நம் கல்லூரி மாணவியர் கவனிக்க வேண்டும். பெரிய மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களை வாயிலிலேயே நிறுத்திய காலத்தில், இவர் தொடக்க நாளிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வகுப்பு என்றார்.

அதன்பின் வளர்ச்சி விரைவானது. 1895இல் பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. புகைவண்டிகளில் நோயாளிகள் வந்து குவிந்தனர். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். விடுதிகள் பெருகி, சிற்றூர் நகரமாயிற்று. 1896இல் வெர்மான்ட் மாநிலம் முதலில் இம்மருத்துவத்துக்குச் சட்ட அனுமதி அளித்தது. சொந்த மாநிலமான மிசௌரியில் 1895இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார், 1897இல்தான் சட்டமாயிற்று. 1901இல் நியூயார்க் மாநிலத்தில் இதே வழக்கு எழுந்தபோது, எழுத்தாளர் மார்க் ட்வெயின் சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி, தன் உடலுக்கு எந்த வைத்தியம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு வேண்டும் என வாதாடினார். உரிமை வேண்டியதுதான். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு வேண்டிய செய்தியும் நோயாளியின் கையில் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு.

வெற்றி பெருகப் பெருக ஸ்டிலின் உறுதியும் பெருகிற்று. மூட்டுப் பிடிப்புக்குப் பயன்பட்ட கை, காய்ச்சலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பயன்படும் என்றார். அறுவைச் சிகிச்சையையும் மகப்பேற்று மருத்துவத்தையும் ஏற்றுக்கொண்டாரே அன்றி, மருந்தை ஏற்கவில்லை. உலகத்தின் மறுபுறத்தில் பாஸ்டரும் கோக்கும் நுண்ணுயிர்களைக் காட்டிக் கொண்டிருந்தனர். 1882இல் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார். 1887இல் வியன்னாவில் வைக்செல்பாம் மூளை உறை அழற்சிக்குரிய கிருமி ஒன்றைப் பிரித்தறிந்தார். பின்பு நியூயார்க்கு ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் சைமன் பிளெக்ஸ்னர் என்பவர் அந்நோய்க்கு ஊசி வழியாகச் செலுத்தும் நிணநீர் மருந்தை உருவாக்கி, இறப்பைப் பெருமளவு குறைத்தார். இவையெல்லாம் ஸ்டில் உயிரோடு இருந்தபோதே நடந்தவை. அவருடைய பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்க்கு விடை முதுகெலும்பில் இல்லை, ஆய்வுக் கூடத்தில் இருந்தது. விதியின் விளையாட்டைப் பாருங்கள். அந்தச் சைமனின் தம்பி ஆபிரகாம் பிளெக்ஸ்னர்தான் 1910இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் ஆஸ்டியோபதிப் பள்ளிகளின் குறைகளைக் கடுமையாக எடுத்துக் காட்டினார்.

அதே 1910இல் மேரி எல்வைரா காலமானார். ஸ்டில் 1914இல் பக்கவாதத்தால் தளர்ந்து, 1917ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் கிர்க்ஸ்வில்லில் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த மரக்குடில் பின்னர் வர்ஜீனியாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு அவ்வூர்க் காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் அந்த மருத்துவம் இரண்டு ஆறுகளாகப் பிரிந்தது. நம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பள்ளிகள் மருந்தியலையும் சேர்த்துக்கொண்டு முழு மருத்துவக் கல்லூரிகளாயின. 1973க்குள் எல்லா மாநிலங்களிலும் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் பிற மருத்துவருக்குச் சமமாக மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்றனர். இன்று அவர்களுள் பெரும்பாலோர் கைச் சிகிச்சையை அரிதாகவே செய்கின்றனர். மற்றொரு கிளையைக் கிர்க்ஸ்வில்லில் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். லண்டனில் அவர் நிறுவிய பள்ளி 1917இல் பதிவு பெற்றது. அங்கே ஆஸ்டியோபதி என்பது கைச் சிகிச்சை மட்டுமே. 1993இல் நிறைவேறிய சட்டத்தின்படி பதிவு பெறாத ஒருவர் அங்கே அப்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நம் நாட்டிலோ அலோபதிக்கும் சித்த ஆயுர்வேதத்துக்கும் ஓமியோபதிக்கும் உள்ளது போன்ற தனிச் சட்ட மன்றம் ஆஸ்டியோபதிக்கு இல்லை. ஆகவே ஒரே சொல், மூன்று நாட்டில் மூன்று பொருள். பலகையைப் பார்த்து உள்ளே நுழையும் முன், நீங்கள் எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேட்பதில் நோயாளிக்கு வெட்கம் வேண்டியதில்லை. பிசியோதெரபி அல்லது மருத்துவம் படித்துப் பதிவு பெற்ற பின் இதைக் கற்றவரா என்பதையும் கேட்கலாம். நன்கு படித்தவர் இக்கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

முதல் நாள் என்ன நடக்கும்? நல்ல மருத்துவர் உடனே முதுகைத் தொட மாட்டார். வலி எப்போது தொடங்கிற்று, என்ன வேலை செய்கிறீர், இரவில் வலிக்கிறதா, வேறு என்ன நோய், என்ன மாத்திரை என்று நெடுநேரம் கேட்பார். நிற்க, குனிய, திரும்பச் சொல்லிப் பார்ப்பார். கால் பலமும் உணர்ச்சியும் சோதிப்பார். மேலாடையைத் தளர்த்த நேரலாம். பெண்கள் துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்பது அவர்கள் உரிமை. அதன் பின்பே தசையை அழுத்தித் தளர்த்துவது, மூட்டை மெல்ல அசைப்பது, சில வேளை சட்டென்று ஒரு தள்ளு. அப்போது சொடக்குச் சத்தம் கேட்கும். விலகிய எலும்பு தன் இடத்தில் விழுந்த ஓசை என்று பலர் நினைக்கின்றனர். ஸ்டில் காலத்து நம்பிக்கையும் அதுவே. உண்மையில் அது மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில் வாயுக் குமிழி உண்டாகும் ஓசை. விரலைச் சொடுக்கும்போது வருவதும் அதுவே. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதில்லை. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல் நோவு இருப்பது இயல்பு.

பயன் உண்டா என்றால், இடுப்பு வலிக்கு ஓரளவு உண்டு. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2016இல் வெளியிட்ட நெறிமுறையில், இத்தகைய கைச் சிகிச்சையைத் தனித்துச் செய்யாமல் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யலாம் என்கிறது. பயிற்சி சொல்லித் தராமல் மாதக் கணக்கில் வரச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இடுப்பு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிவது என்பதும் நினைவிருக்கட்டும். ஆஸ்துமா, காது வலி, குழந்தைகளின் அழுகை ஆகியவற்றுக்கும் இதுவே மருந்து என்பவர்கள் இன்றும் உளர். ஸ்டிலின் மாணவர் சதர்லண்டு மண்டையோட்டு எலும்புகள் அசைகின்றன என்று கூறி, தலையை மெல்லத் தொட்டுச் செய்யும் ஒரு முறையைப் பரப்பினார். அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை.

தொடவே கூடாத நேரங்களும் உண்டு. எலும்பு முறிவு, எலும்புத் தேய்வு, புற்றுநோய், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருகுவதால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் அரிதாயினும் உண்டு. எனக்கு அது வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. கால் திடீரென்று பலம் இழந்தாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ அது கை வைத்தியத்துக்கு உரிய நேரமன்று; அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வரும் முதுகு வலியை நம் நாட்டில் ஒருபோதும் சுளுக்கு என்று ஒதுக்கக் கூடாது.

இதை நூலில் படித்து மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருவில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவருக்கு நடு முதுகில் வலி வந்தது. தூக்குகிற ஆளுக்கு வலி வராமலா என்று எல்லோரும் சொன்னோம். வழிப்பவர் ஒருவரிடம் ஐந்தாறு மாதம் வழித்துக்கொண்டார். வழிக்கும்போது இதமாக இருக்கும், இரண்டு நாளில் திரும்பவும் வரும். அந்தியில் உடம்பு கணகணக்கும். அதை உழைப்பின் சூடு என்றார்கள். சட்டை தொளதொளத்தது. ஒருநாள் அவர் அண்ணி முதுகில் தைலம் தேய்க்கும்போது எலும்பு ஒன்று வெளியே முட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அலறினார். தஞ்சைக்குக் கொண்டு போனோம். படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. கோக் 1882இல் கண்ட அதே கிருமி. வழித்தவர் கெட்டவர் அல்லர். அவர் கை நல்ல கைதான். ஆனால் அந்தக் கைக்கு எட்டாத இடத்தில் நோய் இருந்தது. அரசு கொடுத்த மாத்திரையை ஓராண்டுக்கு மேல் ஒரு வேளையும் தவறாமல் தின்று அண்ணன் எழுந்து விட்டார். முதுகில் சிறு கூன் மட்டும் தங்கிவிட்டது. இப்போது மூட்டை தூக்குவதில்லை. வேகனுக்கு எத்தனை மூட்டை ஏறிற்று என்று நிலையத்தில் கணக்கு எழுதிக் கொண்டிருக்கிறார்.